ஸ்பீக்கரை வித்துடு தம்பி, தாத்தா கேசட்டை மட்டும் தொடாத

கேள்வி இன்னான்னு மத்தவங்களுக்கும் தெரியணும், அதனால சுருக்கமா சொல்லிடறேன். தம்பிக்கு ஊரு குடியாத்தம் பக்கம், வேலை சென்னையில, ஒரு கார்டு கம்பெனிக்கு கஸ்டமர் கேர், வாய்ஸ் ப்ராசஸ், அதாவது போன்ல பேசற வேலை, நைட் ஷிஃப்ட். சின்ன வயசுலேர்ந்து பாட்டுப் பைத்தியம். வேலைக்கு சேர்ந்தப்புறம் ஹெட்ஃபோன், ஆம்ப், ஸ்பீக்கர்னு இஎம்ஐ போட்டு வாங்கிகினே இருக்காரு, ஆனா எதுல போட்டாலும் ரெண்டு நிமிஷத்துல எரிச்சல் வந்து ஆஃப் பண்ணிடறாரு. வேலையை உட்டுடலாமா, சாமானை வித்துடலாமா, இல்ல இதைவிட நல்ல ஹெட்ஃபோன் வாங்குனா சரியாயிடுமான்னு கேக்கறாரு. அது கூடவே ஒண்ணு, தாத்தா கூத்து வாத்தியாரு, அவரு பாடுன கேசட்டு ஒரு பொட்டி நிறைய கீது, அதை அம்மா பழைய சாமான்காரனுக்கு போட்டுடலாம்ன்றாங்களாம், போடலாமான்னும் கேட்டிருக்காரு.

கடைசி கேள்விக்கு மொதல்ல பதில்: போடாத. அந்த பொட்டி உன் புது ஸ்பீக்கர் மேலதான் இருக்குன்னு எழுதியிருக்க, இன்னைக்கே அம்மாவுக்கு போன் பண்ணி இறக்கி தள்ளி வெக்க சொல்லு. ஸ்பீக்கர் உள்ள காந்தம் கீது, கேசட்டுல இருக்கறதும் காந்தப் பதிவுதான், பக்கத்துலயே மாசக்கணக்கா கிடந்தா பதிவு கெட்டுப்போக வாய்ப்பிருக்கு. மத்தது பொறுமையா பேசலாம்.

நான் வாய்ஸ்ல ஆரம்பிச்சு, டீம் லீடரா இருந்து, அப்புறம் குவாலிட்டியில உக்காந்து அடுத்தவங்க பேசுன ரெக்கார்டிங் கேட்டு மார்க் போட்டு, இப்போ காட்பாடியில பசங்களுக்கு ட்ரெய்னிங் எடுத்துகினு இருக்கறவன். நம்ம பக்கத்து பசங்களை இந்த கம்பெனிங்க தேடித்தேடி எடுப்பாங்க, ஏன்னா பார்டர் ஊரு, தமிழும் தெலுங்கும் சரளமா வரும், ஆம்பூர் வாணியம்பாடி பசங்கன்னா உருதும் சேந்து வரும். ஒரே ஆளு மூணு மொழியில திட்டு வாங்கலாம், அலவன்ஸ் என்னமோ ஒரு மொழிக்குதான். சரி அத்த வுடு.

உனக்கு பாட்டு மேல ஆசை போயிடுச்சுன்னு நீ நெனச்சிகினு இருக்க, எனக்கு அப்டி தோணல. மொதல்ல காதைப் பாக்கலாம். சாதா போன் லைன்ல 300 ஹெர்ட்ஸ்லேர்ந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் சத்தம் போவும், கீழயும் மேலயும் வெட்டிடுவாங்க. ஆம்பளைக் குரலோட அடி சுருதி 100, 120 கிட்ட இருக்கும், அதாவது அந்த ஆளோட குரல் அடி உனக்கு வர்றதே இல்ல, மேல இருக்கற மிச்சத்தை வெச்சு மூளைதான் அதை ஊகிச்சு நிரப்பிக்குது. ஒரு நிமிஷம்னா ஒண்ணும் தெரியாது. ஷிஃப்ட் முழுக்க, அதுவும் எதிர்ல ஒருத்தர் பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு கத்தறாரு, இன்னொருத்தர் கிரைண்டர் பக்கத்துலேர்ந்து பேசறாருன்னா, மூளை விடாம இந்த வேலையைத்தான் பண்ணிகினு இருக்கும். ஒருதரம் ஒரு அம்மா பேசுன ரெக்கார்டிங் மார்க் போட கேட்டேன், அக்கவுண்ட்ல காசு ரெண்டு தபா கழிஞ்சிடுச்சுன்னு புலம்பறாங்க, பின்னாடி எங்கயோ அம்மன் கோயில்ல பம்பை அடிக்கறாங்க. நமக்குத் தெரிஞ்ச பம்பை அது, நெஞ்சுக்குள்ள வந்து இறங்கற சத்தம், லைன்ல வரும்போது வெறும் சட் சட்டுன்னு தகரத்தை தட்டற மாதிரி வருது, அடி முழுக்க காணோம். பேசுன பொண்ணு அதைக் கவனிக்கவே இல்ல, "உங்க சிரமம் எனக்கு புரியுது மேடம்"னு எழுதிக் குடுத்த வரியை சொல்லிகினு இருந்துச்சு. அந்த ஆறுதல் வரிக்கு எம்பதி ஸ்டேட்மெண்ட்னு பேரு, அதை சொல்லிட்டதால மார்க் முழுசா போட்டேன், விதி அதான்.

அடுத்து சத்தத்தோட அளவு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் கேக்கலாம், சத்தம் ஏற ஏற நேரம் மளமளன்னு குறையும், 90 டெசிபல்னா வாரத்துக்கு 4 மணி நேரம்தான். உன் ஃப்ளோர்ல பக்கத்து சீட்டு ஆளு கத்தறது கேக்காம இருக்கணும்னு ஹெட்செட்டை முக்கால்வாசிக்கு ஏத்தி வெச்சிகினு இருப்ப, எல்லாரும் அப்டித்தான். அப்ப உன் காதுக்கு ஒரு வாரத்துக்கு உண்டான கோட்டாவை கம்பெனியே தின்னுடுது, ரூமுக்கு வந்து நீ போடற ராஜா பாட்டு எல்லாம் கோட்டாவைத் தாண்டித்தான். உள்காதுல இருக்கற அந்த ரோம செல்லுங்க செத்தா திரும்ப முளைக்காது. ஷிஃப்ட் முடிஞ்சதும் கொய்ய்ன்னு ஒரு சத்தம் காதுல நிக்குதான்னு பாரு, நிக்குதுன்னா தள்ளிப்போடாம காது டாக்டரைப் பாத்துடு. மாச சம்பளம் 21,000க்குள்ளன்னா உனக்கு இஎஸ்ஐ, அதான் தொழிலாளர் காப்பீடு, பிடிப்பாங்க, பிடிக்கற காசுக்கு ஒரு தபாவாச்சும் டிஸ்பென்சரி வாசல மிதி. ஊருக்கு வரும்போதுன்னா வேலூர்ல அடுக்கம்பாறை ஜிஎச் இருக்கு, சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்கு.

புது ஹெட்ஃபோன் வாங்குனா சரியாயிடுமான்றதுக்கும் இதுலயே பதில் கீது, ஆவாது. அதுவும் ப்ளூடூத் ஹெட்ஃபோன்னா இன்னொரு கூத்து, மைக் ஆன் ஆன உடனே அது பாட்டு மோடுலேர்ந்து போன் மோடுக்கு மாறிடும், ஸ்டீரியோ போயி மோனோவாயிடும், 8 இல்லன்னா 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்குக்கு இறங்கிடும். பல பேரு 15,000 ரூபா சாமானைப் போட்டுகினு மீட்டிங்ல பேசிட்டு "இதுக்கா இவ்ளோ காசு"ன்னு திட்டுவாங்க. வேலைக்கு வயர் போட்ட சாதா ஹெட்செட் போதும், பாட்டுக்கு உன்கிட்ட ஏற்கனவே இருக்கறது தாராளம்.

இன்னொண்ணு சொல்லணும், ஹோல்டு பாட்டு, லைன்ல காத்திருக்க வெக்கும்போது ஓடறது. உன் வேலையில நீ அதிகமா கேக்கற இசையே அதுதானே. ஆல்ஃப்ரெட் லெவின்னு அமெரிக்காவுல ஒரு ஃபேக்டரி ஓனர், அவரு போன் லைன்ல ஒரு வயரு லூஸாயி கட்டடத்தோட இரும்பு உத்திரத்துல பட்டு, பக்கத்து ரேடியோ ஸ்டேஷன் பாட்டு லைன்ல கேக்க ஆரம்பிச்சுடுச்சு. ஹோல்டுல இருந்தவங்களுக்கு அது பிடிச்சுப்போச்சு, ஹோல்டுல பாட்டு போடற ஏற்பாட்டுக்கு அவரு பேடண்ட் வாங்கிட்டாரு, 1966ல கிடைச்சது. ஹோல்டு பாட்டு செல்போன்ல இன்னும் கேவலமா கேக்கறதுக்குக் காரணம், சத்தத்தைச் சுருக்கி அனுப்பற செல்போன் கோடெக்குங்க மனுஷன் தொண்டையிலேர்ந்து வர்ற சத்தத்தை மனசுல வெச்சு செஞ்சது, அதுல வயலினைப் போட்டா கொழகொழன்னு குழப்பிடும். ஒரு நாள் ஷிஃப்ட்ல அதே முப்பது செகண்டு பாட்டை எத்தினி தபா கேக்கறோம்னு நெனச்சுப் பாரு. பாட்டு ஆரம்பிச்சாலே அடுத்து யாரோ திட்டப்போறாங்கன்னு உடம்பு பழகிடும், நீ சொன்ன அந்த ரெண்டு நிமிஷ எரிச்சல்ல பாதி இதுதான்னு நான் பந்தயம் கட்டுவேன்.

மிச்சம் பாதி மனசு. ஆர்லி ஹாக்ஷீல்டுன்னு ஒரு சமூகவியல் பேராசிரியை, விமானப் பணிப்பெண்ணுங்களையும் கடன் வசூல் பண்றவங்களையும் பாத்து 1983லயே எழுதிட்டாங்க. சம்பளத்துக்காக சிரிச்சு சிரிச்சு கடைசியில அந்தச் சிரிப்பு தன்னோடதா கம்பெனியோடதான்னு அவங்களுக்கே தெரியாம போயிடுதுன்னு. நம்ம வேலையில சிரிப்பு கூட இல்ல, கேக்கறதுதான் வேலையே. எதிராளி எங்க மூச்சு விடறான், எங்க கோவம் ஏறுது, எங்க குறுக்க பேசலாம், எங்க பேசுனா எஸ்கலேஷன் ஆயி மேல இருக்கறவங்ககிட்ட போவும்னு காதைக் கத்தி மாதிரி வெச்சிகினு உக்காந்திருக்கோம். டெட் ஏர், அதாவது லைன்ல பேச்சில்லாத இடைவெளி, வந்தா மார்க் போச்சு, ஒரு காலுக்கு இவ்ளோ நேரம்தான்னு வெச்சிருக்கற ஏஎச்டியைத் தாண்டுனா டீம் லீடர் வந்து பின்னாடி நிப்பாரு. அப்டி கேட்டுட்டு வந்து ஒரு பாட்டைப் போட்டு சும்மா கேளுன்னா காது எப்டி சும்மா கேக்கும்? அதுலயும் தப்பைத்தான் தேடும். பேஸ் பத்தல, ட்ரெபிள் குத்துது, இந்த ஹெட்ஃபோன் சரியில்ல. தேடுனா கண்டிப்பா கிடைக்கும், உடனே அடுத்த சாமானுக்கு ரிவ்யூ பாக்க உக்காந்துடுவ. ரிவ்யூ பாக்கறது பாட்டு கேக்கறதை விட சுகமா இருக்குன்னு நீயே எழுதியிருக்க பாரு, அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

இப்போ இஎம்ஐ. நோ காஸ்ட் இஎம்ஐன்னு சொல்றானே, வட்டியே இல்லாத இஎம்ஐன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் பேங்க் 2013லயே சொல்லியாச்சு. இப்போ எப்டின்னா வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி காட்டிட்டு பேங்க் வட்டியைப் போடும், அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி உன் தலையில, ப்ராசஸிங் ஃபீஸ் தனி, அதுக்கும் ஜிஎஸ்டி. 12,000 ரூபா சாமானுக்கு 6 மாசம்னா வட்டிக்கு உண்டான ஜிஎஸ்டி சுமாரா தொண்ணூறு ரூபா சில்லறை, ஃபீஸ் 199ன்னா ஜிஎஸ்டியோட 235, மொத்தம் முந்நூத்தி சொச்சம். இதை யாரும் உனக்கு சொல்லித்தர வேணாம், நீயே கார்டு கம்பெனியில உக்காந்து தெனம் இதைத்தானே அடுத்தவங்களுக்கு விளக்கிகினு இருக்க. முந்நூறு ரூபா பெரிய விஷயமும் இல்ல. எனக்கு உறுத்தறது வேற, ஒரு இஎம்ஐ முடியறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிக்குது, அதனால எந்த மாசமும் நீ வேலையை விடற நிலையில இல்ல. டீம் லீடர் லீவு இல்லன்னா வாயை மூடிகினு போற, வீக் ஆஃப் மாத்தி போட்டா சரிங்கற. வேலை தர்ற எரிச்சலை மறக்க வாங்குன சாமான்தான் உன்னை அதே சீட்டுல கட்டிப்போட்டு வெச்சிருக்கு. கம்பெனிக்கு இதைவிட வசதி இன்னா வேணும்.

சாமான் மேல ஆசைப்படறதே தப்புன்னு சொல்ற கட்சி நான் இல்ல. நல்ல ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்தான், அதுல நாகஸ்வரம் கேட்டவனுக்குத் தெரியும். ஆனா உன் ஸ்பீக்கர் குடியாத்தத்துல, நீ சென்னை ரூம்ல. மாசத்துக்கு ரெண்டு தபா வந்து தூங்கிட்டு ஓடற. அம்மா அது மேல ஒரு துண்டைப் போட்டு மூடி, கேசட் பொட்டியை வெச்சு, அதுக்கு மேல புளி டப்பாவையும் வெச்சிருக்காங்கன்னு நீயே சொல்ற, அவங்களைப் பொறுத்தவரைக்கும் அது ஒரு ஸ்டூலு. ஸ்பீக்கரையும் ஆம்பையும் வித்துடு, ஹெட்ஃபோன்ல ஒண்ணு வெச்சிகினு மத்ததைத் தள்ளு, வர்ற காசுல இருக்கற இஎம்ஐயை ப்ரீக்ளோஸ் பண்ணு, முன்கூட்டியே கட்டி முடிச்சுடு. அதுக்கும் சார்ஜ் கேப்பாங்க, எவ்ளோன்னு உனக்கே தெரியும்.

வேலையை இன்னைக்கே விடுன்னு சொல்ல மாட்டேன். மூணு மாச செலவுக்கு கையில காசு சேரட்டும், அப்புறம் பேசு. அதுக்குள்ள செய்யக்கூடியது இருக்கு. உள்ளயே சாட், ஈமெயில், பேக் ஆஃபீஸ் ப்ராசஸுக்கு ஐஜேபி, அதாவது உள்ள இருக்கறவங்களுக்கே வேலை மாறிக்கற அறிவிப்பு, வரும், பெரும்பாலான கம்பெனில ஒரு வருஷம் முடிச்சவங்களுக்கு கொடுப்பாங்க, அப்ளை பண்ணு. டைப்பிங் வேகம்தான் கேப்பாங்க, அதைப் பழகிக்கலாம். சம்பளம் கொஞ்சம் குறைஞ்சாலும் காது மிஞ்சும். அசிங்கமா பேசறவனை ரெண்டு தபா எச்சரிச்சுட்டு கட் பண்ணலாம்ன்ற மாதிரி ஒரு விதி நிறைய ப்ராசஸ்ல இருக்கும், உன் ப்ராசஸ்ல இருக்கான்னு மெயில் போட்டு கேளு, வாயால கேட்டா பதில் வராது. உடம்பு நிஜமாவே முடியலன்னா இஎஸ்ஐல சிக்னஸ் பெனிஃபிட் இருக்கு, தகுதி இருந்தா வருஷத்துல 91 நாள் வரைக்கும் கூலியில 70 சதவீதம் கிடைக்கும், நம்ம பசங்க பாதி பேருக்கு இது தெரியவே தெரியாது. ராத்திரி தூக்கம் வராம தப்பான நெனப்பு எதுனா வந்தா 14416க்கு போன் போடு, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். அங்க எடுக்கறவங்களும் ஹெட்செட் போட்டுகினு உக்காந்திருக்கறவங்கதான், உன் கஷ்டம் சட்டுனு புரியும்.

பாட்டுக்கு இன்னா பண்றது? ஷிஃப்ட் முடிஞ்சதும் கேப்ல ஏறுன உடனே இயர்போனை மாட்டற பழக்கத்தை விடு. ரூமுக்கு வந்து தூங்கி எழுந்திரிக்கற வரைக்கும் காதுல ஒண்ணும் வேணாம். அப்புறம் கேக்கும்போது வார்த்தை இல்லாததா கேளு, வீணை, நாகஸ்வரம், புல்லாங்குழல், எதுவானாலும். ராத்திரி முழுக்க வார்த்தையா கேட்டு சலிச்ச மூளைக்கு பாட்டு வரியும் இன்னொரு கஸ்டமர் மாதிரிதான் படும். இதுல எதுக்கும் ஆராய்ச்சி ஆதாரம் காட்டச் சொல்லாத, என்கிட்ட ட்ரெய்னிங் எடுத்த பசங்ககிட்ட பாத்தது, பல பேருக்கு வேலை செய்யுது. முடிஞ்சா ஊருக்கு வரும்போது கூத்துக்குப் போ. நம்ம வடாற்காட்டுல பங்குனி பொறந்தா ஆடி வரைக்கும் எங்கனா ஒரு திரௌபதியம்மன் கோயில்ல பாரதம் ஓடிகினுதான் இருக்கும், பகல்ல பிரசங்கம், ராத்திரி பூரா கூத்து, கடைசி நாள் துரியோதனன் சாயற படுகளம். மண்ணுல உக்காந்து, நடுவுல தூங்கி, சின்ன நாகஸ்வரம் மாதிரி ஊதற முகவீணை சத்தத்துக்கு முழிச்சு, டீ குடிச்சுட்டு வந்து மறுபடி உக்காரலாம், எவனும் மார்க் போட மாட்டான். ஆர்மோனியப் பெட்டி, மேளம் பக்கத்துல மட்டும் உக்காராத, கோட்டா ஞாபகம் இருக்கட்டும்.

இனிமே கேசட்டு. எதை வெச்சுக்கறது எதை விக்கறதுன்னு கொழப்பம் வந்தா நான் பாக்கறது ஒண்ணுதான், காசு குடுத்தா திரும்ப கிடைக்குமா. உன் ஸ்பீக்கர் நாளைக்கே கிடைக்கும். தாத்தா குரலு கிடைக்காது. நம்ம வாலாஜாப்பேட்டையில இருந்தாரே வெங்கடரமண பாகவதரு, தியாகராஜரோட நேரடி சிஷ்யரு, நெசவு செய்யற சௌராஷ்டிர சமூகத்துல பொறந்தவரு. குருவோட பாட்டுங்களை அவரும் அவரு புள்ளை கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதி எழுதி வெச்சாங்க. அந்த ஏடுங்க அப்புறம் மதுரை சௌராஷ்டிர சபாவுக்குப் போயி இன்னைக்கும் இருக்கு, தியாகராஜர் பாட்டு எப்டி இருந்துச்சுன்னு ஆராயறவங்க அதைத் தேடித்தான் போறாங்க. யாரோ ஒரு வூட்ல இது எதுக்கு இடத்தை அடைச்சிகினுன்னு அடுப்புல போட்டிருந்தா முடிஞ்சுது கதை. கூத்துக்கு அந்த மாதிரி ஏடு கம்மி. புரிசை கண்ணப்ப தம்பிரான் மாதிரி பேரு வெளிய தெரிஞ்சவங்க கொஞ்சம் பேருதான், ஊருக்கு ஊரு இருந்த வாத்தியாருங்க பாடுனதெல்லாம் உன் வூட்டு பொட்டி மாதிரி பொட்டிங்கள்லதான் கிடக்குது.

எடுத்த உடனே டேப்ல போட்டு ஓட்டிடாத. மொதல்ல ஒவ்வொரு கேசட்லயும் மேல்பக்கம் ரெண்டு ஓரத்துல சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அதை ஒடிச்சு எடுத்துடு, அப்பதான் தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்குனாலும் அழியாது. நாடா ஓரத்துல வெள்ளையா மாவு மாதிரி இருந்தா அது பூஞ்சை, அதைத் தனியா எடுத்து வை, நல்ல கேசட்டோட கலக்காத, ப்ளேயர்ல நாடாவைப் படிக்கற ஹெட்டுல ஒட்டி அடுத்ததுக்கும் பரவும். மத்ததை கடைசி வரைக்கும் ஒருதரம் ஓட்டி திரும்ப சுத்து, வருஷக்கணக்கா ஒட்டிகினு கிடந்த நாடா இளகும். நடுவுல இருக்கற சின்ன பஞ்சு பட்டை விழுந்திருந்தா சத்தம் மங்கி ஏறி இறங்கும், வேற உதவாத கேசட்டுலேர்ந்து எடுத்து மாத்தலாம். ஸ்க்ரூ போட்ட கூடுன்னா சுலபம், ஒட்டுன கூடுன்னா பொறுமையா பிளந்து ரெண்டு சக்கரத்தையும் ஸ்க்ரூ கூட்டுக்குள்ள மாத்தணும். 120 நிமிஷ கேசட்டு எதுனா இருந்தா ரொம்ப ஜாக்கிரதை, நாடா மெல்லிசு, சிக்கிகிச்சுன்னா போச்சு.

ப்ளேயர் பழசா வாங்குனா உள்ள பெல்ட்டு கூழாயிருக்கும், மாத்தித்தான் ஆவணும், பழைய ரேடியோ மெக்கானிக் வேலூர்ல இன்னும் இருக்காங்க, கேட்டு விசாரி. ஹெட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல பஞ்சை நனைச்சு தொடை. ஹெட் பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், கேசட்டை ஓட விட்டுகினே அதை லேசா திருப்பு, தாளச் சத்தம் எங்க பளிச்சுனு வருதோ அங்க நிறுத்து, ஒவ்வொரு டேப் ரெக்கார்டரும் ஒவ்வொரு கோணத்துல பதிஞ்சிருக்கும். ப்ளேயரோட லைன் அவுட் ஓட்டையிலேர்ந்து ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வழியா லேப்டாப்புக்கு குடு, மைக் ஓட்டையில சொருகாத. பதிவு பண்ண ஆடாசிட்டின்னு ஒரு சாஃப்ட்வேர், இலவசம். எம்பி3 வேணாம், வேவ் ஃபைலாவே எடு, 90 நிமிஷ கேசட்டு ஒண்ணுக்கு சுமாரா 1 ஜிபி வரும், இன்னைக்கு அது ஒரு காசா. இரைச்சலை எடுக்கற ஃபில்டர் எல்லாம் காப்பியில போட்டுப் பாரு, மூலத்துல கை வெக்காத. ராத்திரி பூரா நடந்த கூத்தை 45 நிமிஷத்துக்கு ஒரு தபா கேசட்டைத் திருப்பித் திருப்பி எடுத்திருப்பாங்க, அதனால விருத்தத்துக்கு நடுவுல டக்குனு அறுந்து வேற எங்கயோ ஆரம்பிக்கும், அது பழுது இல்ல, வெட்டி ஒட்டாத. நாய் குலைக்கறது, யாரோ புள்ளையை அதட்டறது, மைக்ல காணாமப்போன செருப்பு அறிவிப்பு, எல்லாம் இருக்கட்டும்.

தாத்தாவோட ஜமாவுல மேளம் அடிச்சவங்க, பின்பாட்டு பாடுனவங்க யாருனா இருக்காங்களான்னு அம்மாகிட்ட கேளு. இருந்தா சீக்கிரமே போயி போட்டுக் காட்டு, எந்த ஊரு, எந்த வருஷம், எந்த நாள் கூத்து, வேஷம் கட்டுனது யாருன்னு அவங்களால மட்டும்தான் சொல்ல முடியும். கேசட் உறை மேல பால்பாயிண்ட் பேனாவுல எழுதுனது தொடத் தொட மங்கும், அதனால ரெக்கார்டிங் வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு கேசட்டையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து நம்பர் போட்டுடு.